பெரியவர்கள் டான்ஸ் கிளாஸில் சேரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் வார நாட்களில் அலுவலகம், வார இறுதியில் சல்சாவும் லாக்கிங்கும் என்று என் பொழுது போகிறது. ஆரம்ப நிலை பேட்ச்களில் மாஸ்டருக்கு உதவியாக நிற்பதால் புதிதாக வருகிறவர்களைப் பக்கத்தில் இருந்தே பார்க்கிறேன். பெரும்பாலும் முப்பதை ஒட்டியவர்கள். ஐடி வேலை, வங்கி வேலை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு இப்போதுதான் தனக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்தவர்கள். அத்தனை ஆசையோடு வருகிறார்கள். நாங்கள் சேர்ந்த காலத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நேரத்துக்கு வாருங்கள், வார்ம் அப்பை விடாதீர்கள், தண்ணீர் கொண்டு வாருங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

எந்த ஆட்டம் என்று கேட்காமல் சேர்வது

நம் ஊரில் ஒரே போர்டில் வெஸ்டர்ன், ஹிப் ஹாப், சினிமாட்டிக், சல்சா, ஜும்பா எல்லாம் இருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆறரை மணி பேட்ச் இருக்கிறது என்று சேர்ந்துவிடுகிறோம். மூன்று மாதம் கழித்து "நீங்க என்ன கத்துக்கறீங்க?" என்று கேட்டால் "டான்ஸ்" என்கிறார்கள்.

ஹிப் ஹாப் என்று எழுதியிருக்கும் வகுப்புக்குள் ஐந்தாறு தனித்தனி ஆட்டங்கள் ஒளிந்திருக்கலாம். லாக்கிங் 1970 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸில் டான் கேம்ப்பெல் என்பவரிடம் தொடங்கியது. கை சுழன்று வந்து பாட்டின் நடுவே சட்டென்று பூட்டிக்கொள்ளும். அப்புறம் விரல் எங்கோ சுட்டும், முகம் சிரிக்கும். பாப்பிங் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ ஊரைச் சேர்ந்த பூகலூ சாம், அவருடைய எலக்ட்ரிக் பூகலூஸ் குழு வழியாகப் பரவியது. அதில் தசையை இறுக்கி விடும் ஒரு சிறு அதிர்வுதான் அஸ்திவாரம். பிரேக்கிங் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்காரர்களுடையது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போய்விட்டது. ஹவுஸ் சிகாகோ, நியூயார்க் கிளப்களில் விடிய விடிய ஆடியவர்களின் காலில் பிறந்தது. நாற்பது வயதில் மணிக்கட்டில் வலி உள்ளவர் தெரியாமல் பிரேக்கிங் வகுப்பில் போய் நின்றால், இரண்டாவது வாரமே உடம்பின் எடையைக் கையில் தாங்க வேண்டி வரும். அதே மனிதர் ஹவுஸிலோ லாக்கிங்கிலோ சந்தோஷமாக இருந்திருப்பார்.

பார்ட்டிகளில் ஜோடியாக ஆடும் சோஷியல் டான்ஸிலும் இதே கதைதான். சல்சாவின் வேர் கியூபாவின் சோன், மாம்போ இசையில் இருக்கிறது. அது வளர்ந்தது நியூயார்க்கின் லத்தீன் குடியேறிகளிடையே. எட்டு கவுண்ட், நாலிலும் எட்டிலும் கால் நிற்கும், வேகம் அதிகம். பச்சாட்டா டொமினிக்கன் குடியரசினுடையது. மூன்று அடி, நாலாவதில் ஒரு தட்டு. தாளம் பிடிபடாமல் தவிக்கிறவர்களுக்கு இதுதான் சுலபமான வாசல். வேகமான பாட்டைக் கேட்டாலே உடம்பு துள்ளுகிறவர் சல்சாவுக்கு நேராகப் போகலாம்.

போர்டை விடுங்கள். மாஸ்டர் எதை ஆடி வளர்ந்தவர் என்று கேளுங்கள். எல்லாம் எடுப்பேன் என்பவரிடம் கூட அவருடைய சொந்த ஆட்டம் ஒன்று இருக்கும். அதை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

ரீல்ஸைப் பார்த்து வகுப்பைத் தேர்ந்தெடுப்பது

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். பணம், நேரம், ஆசை மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோகும் தவறு இது. எத்தனை வருடமானாலும் இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு மணி நேர வகுப்பு எப்படிப் போகிறது என்று பாருங்கள். பத்து நிமிடம் வார்ம் அப். அப்புறம் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு ஒன்றின் முப்பது நொடித் துண்டு. "ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்" என்று மாஸ்டர் எண்ண, நாலு எய்ட் கவுண்ட் ஸ்டெப்பைத் துண்டு துண்டாகக் கற்றுக்கொடுப்பார். கடைசி இருபது நிமிடம் லைட்டைக் குறைத்து, மும்மூன்று பேராக நிற்க வைத்து வீடியோ. முன் வரிசையில் பழைய மாணவர்கள், பின்னால் புதியவர்கள். அன்றிரவு ஃபோனில் வீடியோ வருகிறது. அடுத்த வாரம் வேறு பாட்டு, வேறு ஸ்டெப். போன வாரத்து அசைவு எதுவும் இந்த வாரத்துக்குத் தேவைப்படாது.

இப்படி ஒரு வருடம் படித்த இளைஞர் ஒருவர் எங்கள் பயிற்சிக்கு வந்தார். வீடியோவில் பார்த்தால் நன்றாக ஆடுவார். நாங்கள் வட்டமாக நின்று ஒரு ஃபங்க் பாட்டைப் போட்டோம். ஒருவர் உள்ளே போய் அரை நிமிடம் ஆடிவிட்டு வெளியே வர, அடுத்தவர் போவார். ஸ்ட்ரீட் ஆட்டத்தில் சைஃபர் என்பது இதுதான். அவர் முறை வந்தது. உள்ளே போனார். கை இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டன. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. என் பக்கம் திரும்பி மெல்லிய குரலில், "அண்ணா, ஸ்டெப் என்ன?" என்றார்.

அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு பீட்டில் நிற்பது எப்படி, முழங்காலைத் தளர்த்தி பவுன்ஸ் எடுப்பது எப்படி, ஒரு அசைவிலிருந்து இன்னொன்றுக்கு எடையை மாற்றுவது எப்படி என்று ஒரு வருடத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மனப்பாடச் செய்யுளை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தவரிடம் நாலு வாக்கியம் சொந்தமாகப் பேசு என்றால் திணறுவதைப் போல அவர் நின்றார். என் கோபமெல்லாம் அதற்குப் பின் அவர் சொன்னதில்தான்: "எனக்கு டான்ஸ் வராதுன்னு நினைக்கிறேன்." ஒரு வருடக் கட்டணம் கட்டி, வாரம் இரண்டு மாலை ஒதுக்கி, கடைசியில் அந்தப் பிள்ளை வாங்கிக்கொண்டு போனது இந்த வாக்கியத்தை.

நாம் இதில் சுலபமாக விழுவதற்குக் காரணம் இருக்கிறது. டான்ஸ் என்றால் ஒரு பாட்டு, ஒரு ஸ்டெப், ஒரு மேடை என்று பள்ளி ஆண்டு விழாவிலிருந்தே நமக்குப் பழக்கம். சினிமாவும் அதைத்தான் காட்டியது. சினிமா டான்ஸ் குழுவில் இருப்பவர்கள் ஒரு ஸ்டெப்பைப் பத்து நிமிடத்தில் வாங்கிக் கேமரா முன் செய்வது அசாத்தியமான திறமை. கோரியோகிராஃபியை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். ஆனால் லாக்கிங், ஹவுஸ், சல்சா, பச்சாட்டா எல்லாமே மேடைக்கு வருவதற்கு முன் பார்ட்டியிலும் கிளப்பிலும் தெருவிலும் பிறந்தவை. அடுத்த பாட்டு என்னவென்று தெரியாத இடத்தில், யாரென்று தெரியாத மனிதரோடு ஆடுவதற்காக உருவானவை. அந்தப் பகுதியை விட்டுவிட்டு ஸ்டெப்பை மட்டும் கற்றால் கையில் என்ன இருக்கும்?

ஜோடி ஆட்டத்தில் இந்தத் தவறு இன்னும் மறைவாக நடக்கும். மாஸ்டர் நீளமான ஒரு காம்பினேஷன் சொல்லிக்கொடுப்பார்: க்ராஸ் பாடி லீட் (ஆண் ஒதுங்கி வழிவிட, பெண் அவரைக் கடந்து மறுபக்கம் போவது), ஒரு சுற்று, கை மாற்றம், இன்னொரு சுற்று, பெண்ணைச் சாய்த்துப் பிடிக்கும் ஒரு டிப். அடுத்து வருவது எது என்று இருவருக்கும் தெரியும் என்பதால், பெண் தானாகவே சுற்றிவிடுவார். ஆண் கையைத் தூக்கிப் பிடித்திருந்தால் போதும். வீடியோவில் பிரமாதமாக இருக்கும். உண்மையில் அங்கே ஒருவர் லீட் செய்யவும் இல்லை, மற்றவர் ஃபாலோ செய்யவும் இல்லை. வேறு யாரோடாவது ஆடும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். சுற்று வரப்போகிறது என்ற சைகை சுற்றுவதற்கு முன்பே கையில் தெரிய வேண்டும்; எதிரில் இருப்பவர் அது வரும் வரை காத்திருக்க வேண்டும். இதைப் பழக மாதங்கள் ஆகும். பேசிக் ஸ்டெப், பக்கவாட்டு பேசிக், க்ராஸ் பாடி லீட், வலப்பக்கச் சுற்று, இடப்பக்கச் சுற்று ஆகிய ஐந்தும் சுத்தமாக இருந்தால் ஒரு சல்சா பாட்டை முழுதாகச் சந்தோஷமாக ஆடி முடிக்கலாம். நாற்பது காம்பினேஷன் தெரிந்து, சைகை தெரியாதவரோடு ஆட வேண்டி வந்தால் தோள்பட்டைதான் வலிக்கும்.

அதனால் ட்ரையல் கிளாஸுக்குப் போகும்போது வீடியோவை மறந்துவிட்டு இதையெல்லாம் கவனியுங்கள். "இன்றைக்குக் கற்றதன் மேல்தான் அடுத்த வாரம் கட்டுவீர்களா, இல்லை புதுப் பாட்டா?" என்று மாஸ்டரிடம் நேராகக் கேளுங்கள். நான் கேட்கச் சொல்லும் கேள்விகளில் இதுதான் முதன்மையானது. நல்ல மாஸ்டருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். அடுத்த எட்டு வாரத் திட்டத்தைச் சொல்லுவார். வகுப்பில் எங்காவது ஒரு பாட்டு முழுதாக ஓடி, யாரும் எண்ணாமல், நீங்களாக ஆட இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடமே ஆனாலும் பரவாயில்லை. புதியவரின் காலைக் குனிந்து பார்த்து யாராவது திருத்துகிறார்களா, முன் வரிசைக்காரர்களைப் பார்த்துக்கொள் என்று விட்டுவிடுகிறார்களா? அசைவுகளுக்குப் பெயர் சொல்லிக் கற்றுத்தருகிறார்களா? லாக்கிங்கில் பாயின்ட், ரிஸ்ட் ட்வர்ல், ஸ்கூபி டூ. பிரேக்கிங்கில் டாப்ராக், சிக்ஸ் ஸ்டெப், ஃப்ரீஸ். பெயர் தெரிந்தால்தான் வீட்டில் தனியாகப் பயிற்சி செய்ய முடியும், வேறு ஊர்க்காரரோடு ஆட முடியும்.

ஆறு மாதம் இப்படி அடிப்படை பழகிவிட்டு அப்புறம் கோரியோ வகுப்புக்குப் போங்கள். அதே ஸ்டெப் உங்கள் உடம்பில் வேறு மாதிரி உட்காரும்.

ஒரே ஜோடியோடு மட்டும் ஆடுவது

கணவன் மனைவியாகச் சேருகிறவர்கள் "நாங்க ரெண்டு பேர் மட்டும் ஆடறோமே" என்பார்கள். தயக்கம் புரிகிறது. அதை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் பாட்டுக்குப் பாட்டு ஜோடி மாறும் வகுப்பில்தான் தவறு எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒரே ஆளோடு ஆடினால் அவருடைய தவறுக்கு உங்கள் உடம்பு பழகிக்கொள்ளும். இருவரும் சரியாக ஆடுவதாகவே தோன்றும். தனியாக வருகிறவர்கள் ஜோடி இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. மாற்றி மாற்றி ஆடும் வகுப்பில் அது ஒரு பிரச்சினையே கிடையாது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. தொட்டுத் திருத்தும் முன் கேட்கிற மாஸ்டர் நல்ல மாஸ்டர். நெருக்கமாக ஆடுவதுதான் பச்சாட்டா என்று யாராவது வற்புறுத்தினால் நம்ப வேண்டாம். எவ்வளவு தூரம் என்பது நீங்கள் முடிவு செய்வது. பாட்டு நடுவிலேயே நிறுத்திவிட்டு வரலாம்; காரணம் சொல்லத் தேவையில்லை. இதை முதல் வகுப்பிலேயே எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுகிற இடமாகப் பார்த்துச் சேருங்கள்.

ரன்னிங் ஷூ

ரப்பர் அடிப்பாகம் தரையைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, நடுவில் முறுக்கிக்கொள்வது முழங்கால். சல்சாவுக்கு ஸ்வேட் தோல் அடிப்பாகம் உள்ள ஷூ நல்லது. அதை முதல் மாதமே வாங்க வேண்டாம். அடிப்பாகம் தட்டையாகத் தேய்ந்த பழைய ஷூ போதும். ஸ்ட்ரீட் ஆட்டங்களுக்குத் தட்டையான ஸ்னீக்கர். டைல்ஸ் தரையில் சாக்ஸோடு ஆடாதீர்கள். வழுக்கி விழுந்து கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும்.

ஒரு வருடப் பேக்கேஜ்

கட்டாதீர்கள். முதல் மூன்று மாதம், மாதா மாதம் கட்டுங்கள்.

ஆன் ஒன்னா, ஆன் டூவா

சல்சாவில் திசை மாறும் அடியை முதல் கவுண்ட்டில் எடுத்தால் ஆன் ஒன், இரண்டாவதில் எடுத்தால் ஆன் டூ. உங்கள் ஊர் சோஷியலில், அதாவது எல்லோரும் கூடி ஜோடி மாற்றி ஆடும் பார்ட்டியில், எதை அதிகம் ஆடுகிறார்களோ, அது.

வயது

அறுபதில் சேர்ந்தவரோடு ஆடியிருக்கிறேன். அவருடைய டைமிங் சுத்தம்.

"நல்லா கத்துக்கிட்டு சோஷியலுக்கு வரேன்"

இப்படிச் சொன்னவர்களில் பலர் வரவே இல்லை. பேசிக் ஸ்டெப்பும் ஒரு சுற்றும் வந்துவிட்டால் போதும், போய்விடுங்கள். வகுப்பில் கேட்காத பாட்டு ஒலிக்கும். வெளிச்சம் குறைவு, இடம் நெருக்கடி. அங்கேதான் ஸ்டெப்பைச் சிறியதாக வைத்துக்கொள்ளப் பழகுவீர்கள். புதியவர் என்று சொல்லிவிட்டு ஆடுங்கள். அனுபவசாலிகள் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். ஒருவரிடம் கேட்டு அவர் வேண்டாம் என்றால் புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள், இன்னொரு பாட்டுக்கு இன்னொருவர் இருப்பார். ஆடும்போது எதிரில் இருப்பவரைத் திருத்தாதீர்கள். யாராவது உங்களைத் திருத்த ஆரம்பித்தால், நன்றி சொல்லிப் பாட்டோடு முடித்துக்கொள்ளுங்கள். எந்த வகுப்பில் சேரலாம் என்று இன்னும் முடிவு செய்யாதவர்களும் போகலாம். நன்றாக ஆடுகிற நாலு பேரிடம் "நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேளுங்கள். நாலு பேரில் மூன்று பேர் ஒரே மாஸ்டரைச் சொன்னால், அடுத்த வாரம் அங்கே ஒரு ட்ரையல் கிளாஸ் போய்ப் பாருங்கள்.