தறிச் சத்தமும் துறுதுறுப் பிள்ளையும்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அண்ணன் வீடு சோமனூர் பக்கம். முன்னால் வீடு, பின்னால் தறிக்குடோன், நடுவில் ஒரே ஒரு கதவு. அவர் மகனுக்கு ஒன்பது வயது. ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிலைக்காமல் துறுதுறுப்பு அதிகமாக இருக்கும் நிலை என்று மருத்துவர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. போன ஆவணியில் போயிருந்தபோது அவன் வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தது அந்தக் கதவை ஒட்டி. இரண்டு வரி எழுதுவான், எழுந்து தறியை எட்டிப் பார்ப்பான். இன்னொரு வரி எழுதுவதற்குள் டிவியில் விளம்பரம் வரும், தலை திரும்பும். "ஏங்கண்ணு, செத்த நேரம் ஒரு எடத்துல உக்கார மாட்டியா?" என்று எங்கம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

எல்லோரும் பையனைத் திருத்தப் பார்த்தார்கள். அவன் உட்காரும் இடத்தை யாரும் மாற்றிப் பார்க்கவில்லை. நான் அதிகம் பார்க்கிற தவறு இதுதான். பழகிய சத்தம் நம் காதில் ஏறுவதில்லை. வேண்டாததை ஒதுக்கிவிட்டு வேண்டியதைப் பிடித்துக்கொள்வதுதான் இந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். சீரான இரைச்சல் சில ஏடிஹெச்டி பிள்ளைகளுக்கு உதவியதாகக்கூட ஆய்வுகள் உண்டு. அதனால் சத்தமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. தறி நிற்பதும் ஓடுவதும், யாராவது கூப்பிடுவதும், டிவியும் மாறி மாறி இழுப்பதுதான் பிரச்சினை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "தறி வீட்டில் வளர்ந்ததால் வந்தது", "அம்மா போனைக் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்பார்கள். அது அநியாயம். இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஏடிஹெச்டியில் பிள்ளைக்குப் பிள்ளை தெரியும் வேறுபாட்டில் 70 முதல் 80 சதவீதம் வரை மரபணுவோடு சம்பந்தப்பட்டது என்று வருகிறது. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது எடைக்குறைவு, உடம்பில் ஏறும் ஈயம் ஆகியவையும் இதனோடு தொடர்புடையவை. சத்தமும் தூக்கக்குறைவும் இருக்கிற துறுதுறுப்பைக் கூட்டிவிடும், அவ்வளவுதான்.

ஈயத்தைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. பொங்கலுக்கு முன்னால் பழைய ஜன்னல் பெயிண்டைச் சுரண்டுகிற இடத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். ஈரத்துணி வைத்துத் துடைத்தெடுங்கள், உலர்ந்த தூசியைப் பெருக்க வேண்டாம். மஞ்சளிலும் கவனம் வேண்டும். மஞ்சள் பளிச்சென்று தெரிய லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த நிறப்பொடியைப் பூசியது வங்கதேசத்தில் பிடிபட்டது. ஈரோட்டு விரலி நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. கண்ணைப் பறிக்கும் மினுக்கு இல்லாததாகப் பார்த்து வாங்கி அரைத்துக்கொள்ளலாம்.

சர்க்கரைமேல் பழி போடுவது இன்னொன்று. 1994-ல் ஒரு ஆய்வு நடந்தது. பிள்ளைகளுக்குச் சர்க்கரையே கொடுக்காமல், கொடுத்ததாகச் சில தாய்மார்களிடம் மட்டும் சொன்னார்கள். அப்படிக் கேட்ட தாய்மார்களுக்குத் தங்கள் பிள்ளை அதிகம் துள்ளுவதாகத் தோன்றியது. செயற்கை நிறங்களின் கதை வேறு. 2007-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், சில நிறங்களும், கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் சாதாரணப் பிள்ளைகளிடமே துறுதுறுப்பைக் கொஞ்சம் கூட்டியது. ஐரோப்பாவில் 2010 முதல் அந்த நிறங்கள் உள்ள உணவின் உறையில் எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். அதனால் நோம்பிக் கடையில் வாங்கும் கலர் மிட்டாயைக் குறைப்பது நல்லது. கருப்பட்டிக் காப்பியை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

தூக்கம் கெட்டால் பெரியவர்கள் சோர்ந்து கிடப்போம். பிள்ளைகள் பலர் தலைகீழாகத் துள்ளுவார்கள். நைட் ஷிப்ட் தறி ஓடும் வீட்டில், குடோனிலிருந்து தள்ளி இருக்கிற அறையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். மருத்துவரிடம் போகும்போது எத்தனை மணிக்குத் தூங்கினான் என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். அப்புறம், கொஞ்சம் அடங்கியதைப் பார்த்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அண்ணி மேசையை முன்னறைக்கு மாற்றினார், அந்த நேரத்துக்கு டிவியும் கிடையாது. எழுதுவதற்கு முன்னால் இருபது நிமிடம் தென்னந்தோப்பில் நடக்க வைக்கிறார். மரங்களுக்கு நடுவே அவ்வளவு நேரம் நடந்த ஏடிஹெச்டி பிள்ளைகளுக்குக் கவனம் கூடியதாக 2009-ல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. அவன் இப்போதும் நடுவில் மூன்று தடவை எழுந்திருக்கிறான். அண்ணி திட்டுவதில்லை. "அப்படியே ஒரு சொம்பு தண்ணி மொண்டு வா சாமி" என்கிறார். கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி உட்காருகிறான்.