ஜெர்மனிக்கு வருகிறீர்களா? தபால்பெட்டியில் அப்பா பெயரை ஒட்டுங்கள்

வீடு கிடைத்ததும் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். பாஸ்போர்ட், படிவம், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சான்று, அவ்வளவுதான். இதை எல்லோரும் சொல்லித் தருவார்கள். அன்றைக்கே செய்ய வேண்டிய இன்னொரு வேலையை யாரும் சொல்வதில்லை.

நம் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தில் பெரும்பாலும் அப்பா பெயர்தான் இருக்கும். ஊரில் ஆ. செந்தில் என்றால் இங்கே ஹெர் ஆறுமுகம், அதாவது திரு ஆறுமுகம். வங்கி, காப்பீடு, வரி அலுவலகம் எல்லாம் ஆறுமுகத்துக்குத்தான் கடிதம் போடும். அடுக்குமாடி வீடுகளுக்கு இங்கே பெரும்பாலும் கதவு எண் கிடையாது. கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுவார். அந்தப் பெயர் இல்லையா, கடிதம் திரும்பிப் போய்விடும்.

ஸ்டுட்கார்ட்டில் என் நண்பருக்கு இதுதான் நடந்தது. தன் பெயரை மட்டும் அழகாக அச்செடுத்துப் பெட்டியில் ஒட்டியிருந்தார். ஊரில் அதுதானே அவர் பெயர்! பதினோரு இலக்க வரி எண் தபாலில்தான் வரும். அது வந்து சேரவில்லை. எண் இல்லாததால் முதல் சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரியை, அதாவது இருப்பதிலேயே அதிகமானதைப் பிடித்துவிட்டார்கள். வங்கி அட்டை ஓர் உறையிலும் ரகசிய எண் வேறோர் உறையிலும் வரவேண்டும், இரண்டுமே வரவில்லை. வீட்டு முன்பணம் கட்டிக் கை காலியாக இருந்த மாதம் அது. கைக்குழந்தைக்குப் பால்மாவு வாங்கக்கூட என் அட்டையைத்தான் கேட்டார். பிடித்த வரி பின்னால் திரும்பி வந்தது, சரி. அந்த மாதம் அவர் பட்ட பாட்டை யார் திருப்பித் தருவது?

ஆகவே பெட்டியிலும் அழைப்புமணிப் பலகையிலும் இரண்டு பெயரையும் போடுங்கள், பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்தில். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர் இருந்தால் அதையும் சேருங்கள். வேறொருவர் வீட்டில் அறை எடுத்து, பெட்டியில் அவர் பெயர் மட்டும் இருந்தால், முகவரியில் அவர் பெயரும் இருக்க வேண்டும்.

ஊரில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோமா? இங்கே பல் டாக்டரிடம் போனால் என் அப்பா பெயரைச் சொல்லித்தான் உரக்கக் கூப்பிடுகிறார்கள். அவர் இப்போது இல்லை. முதலில் நெஞ்சை அடைத்தது. இப்போது அந்தப் பெயருக்கு எழுந்து போவது எனக்குப் பிடித்திருக்கிறது.

குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால் கிளம்புவதற்கு முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்தி வாங்கிவிடுங்கள். அங்கே சிலர், “சாதிப் பெயரைப் போடு, சர்நேம் மாதிரி இருக்கும்” என்று யோசனை சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். சாதிப் பட்டத்தை விடச் சொல்லி 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தாத்தாக்கள் உதறியதை ஒரு படிவத்துக்காக நாம் எடுத்து மாட்டிக்கொள்வதா? அப்பா பெயர் போதும்.

யாராவது அதை விநோதமாகப் பார்த்தால் கூச்சப்படாதீர்கள். முல்லர், ஷ்மிட் என்று மாவு ஆலைக்காரர், கொல்லர் தொழிலைப் பெயராகச் சுமப்பவர்கள் நிறைந்த இந்த நாட்டிலேயே, வடகடலோர ஃபிரீசியர்கள் அப்பா பெயரைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். நெப்போலியன் 1811இல் போட்ட ஆணை நிலையான குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கியது. 2025 மே முதல் அவர்களுக்குப் பழைய வழக்கத்தைச் சட்டமே மறுபடி அனுமதிக்கிறது.

அப்புறம், இங்கே குழந்தை பிறந்தால் உங்கள் குடும்பப்பெயர், அதாவது தாத்தா பெயர், குழந்தைக்குப் போக வாய்ப்பு அதிகம். நம் வழக்கப்படி உங்கள் பெயர்தான் வரவேண்டும் என்றால், பிரசவத்துக்கு முன்பே பிறப்புப் பதிவு அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.