அகலமான டயரும் வீல் ஸ்பேசரும்: அளந்த பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள்

ஸ்போர்ட்ஸ் காருக்கு அகலமான டயர் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் வெளிப்பக்கத்தை மட்டுமே பார்க்கிறார்கள். மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்குமா, உரசுமா என்பதே அவர்களின் கவலை. ஆனால் டயர் வெளியே வளரும் அளவுக்குக் கிட்டத்தட்ட உள்ளேயும் வளர்கிறது. அங்கே ஷாக் அப்சார்பரும் ஸ்டியரிங் இணைப்புகளும் பிரேக் குழாயும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. சக்கரத்துக்கும், அது பொருத்தப்படும் மையப் பாகமான ஹப்புக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் என்னும் வட்டத் தகடு, அழகுக்காகப் போடப்படுவது ஒருபுறம் இருக்க, உண்மையில் தேவைப்படுவது இந்த உள்பக்க நெருக்கடிக்காகத்தான். ஆகவே இந்த வேலையில் பாதிக்கு மேல் கணக்குப் போடுவதும் அளப்பதுமே. சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது கடைசியில் வரும் சிறு பகுதி.

எடுத்துக்காட்டாக டொயோட்டா ஜிடி86 காரை எடுத்துக்கொள்கிறேன். இதன் வழக்கமான அளவு 215/45 ஆர்17 டயர், 7 அங்குல அகல ரிம், 48 மி.மீ. ஆஃப்செட் (இதன் பொருள் படி 2இல் வரும்). உங்கள் கார் வேறாக இருந்தாலும் கணக்கிடும் முறை இதுவே.

படி 1: டயர் அளவைத் தேர்ந்தெடுத்தல்

டயரின் பக்கவாட்டில் உள்ள 215 என்பது மில்லிமீட்டரில் அதன் அகலம். 45 என்பது பக்கச்சுவரின் உயரம். அது மில்லிமீட்டர் அன்று, அகலத்தில் 45 சதவீதம். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். எனவே பக்கச்சுவர் 96.75 மி.மீ.; மேலும் கீழுமாக 193.5 மி.மீ.; அதனுடன் ரிம்மின் 431.8 மி.மீ. சேர்ந்தால் முழு விட்டம் 625.3 மி.மீ. ஆகிறது.

புதியவர்கள் வழக்கமாகத் தவறுவது இங்கேதான். அகலத்தை மட்டும் உயர்த்தி 235/45 ஆர்17 வாங்கினால், சதவீதம் மாறாததால் பக்கச்சுவரும் உயர்ந்து, முழு விட்டம் 643.3 மி.மீ. ஆகிவிடும், இது 2.9 சதவீத உயர்வு. வேகமானி 100 கி.மீ. காட்டும்போது, கார் முன்பு அதே முள் நிலையில் ஓடியதைவிட ஏறக்குறைய 3 கி.மீ. கூடுதலாக ஓடும். மாறாக 245/40 ஆர்17 போட்டால் விட்டம் 627.8 மி.மீ.; வேறுபாடு 0.4 சதவீதம்தான். அகலம் கூடும்போது சதவீத எண்ணைக் குறைக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். விட்ட வேறுபாட்டை 1.5 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது என் வழக்கம். நான்கு சக்கரங்களும் இழுக்கும் கார்களில் முன், பின் டயர்களின் விட்டம் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லையெனில் முன், பின் சக்கரங்களின் வேக வேறுபாட்டைச் சமாளிக்கும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழன்று தேயும்.

அளவுக்கு அடுத்து வரும் எண்ணும் எழுத்தும் சுமையையும் வேகத்தையும் குறிக்கின்றன. 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும். 91 என்றால் 615 கிலோ. இவை பழைய டயரைவிடக் குறையவே கூடாது.

அடுத்தது ரிம்மின் அகலம். 225/45 ஆர்17 டயர் 7 முதல் 8.5 அங்குல ரிம்மில் அமரும். 245/40 ஆர்17 டயருக்கோ 8 முதல் 9.5 அங்குலம் வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அதன் பக்கச்சுவர்கள் உள்ளே வளைந்து, திருப்பங்களில் டயர் ரிம்முக்கு மேல் தள்ளாடும். கொடுத்த பணத்துக்குப் பிடிப்பு கூடுவதற்குப் பதில் ஸ்டியரிங் மந்தமாகும். ஆகையால், ரிம் மாற்றும் எண்ணமில்லாதவர்கள் 225 உடன் நின்றுவிடுவது நல்லது. பக்கத்துக்கு 5 மி.மீ. மட்டுமே கூடுவதால், அவர்களுக்கு ஸ்பேசரே தேவைப்படாமல் போகலாம்.

படி 2: ஆஃப்செட் கணக்கு

ரிம்மின் அகலத்துக்குச் சரிநடுவில் ஒரு கோடு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஹப்பில் பொருந்தும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக இருக்கிறதோ, அதுவே நேர் ஆஃப்செட். எண் குறையக் குறையச் சக்கரம் காரிலிருந்து வெளியே தள்ளி நிற்கும். 5 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் ஆஃப்செட் சரியாக 5 குறைந்ததற்குச் சமம்.

8.5 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் கொண்ட ரிம்மை அந்த ஜிடி86 காரில் மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். அகலத்தில் கூடியது 1.5 அங்குலம், அதாவது 38.1 மி.மீ.; பக்கத்துக்கு 19. ஆஃப்செட் 3 குறைந்ததால் ரிம் விளிம்பு வெளியே 22 மி.மீ., உள்ளே 16 மி.மீ. நகர்கிறது. டயருக்கு இதே கணக்கைத் தனியாகப் போட வேண்டும்: 215க்குப் பதில் 245 என்பதால் பக்கத்துக்கு 15, ஆஃப்செட்டைச் சேர்த்தால் வெளியே 18, உள்ளே 12. உள்பக்கத்தில் ஷாக் அப்சார்பரை நெருங்குவது டயர். பிரேக் காலிப்பரையும் ஸ்டியரிங் முனையையும் நெருங்குவது ரிம். ஒன்றை மட்டும் கணக்கிட்டால் மற்றொன்று காலை வாரும். ஒரே அளவு அச்சிட்ட டயர்கள்கூட நிறுவனத்துக்கு நிறுவனம் சில மில்லிமீட்டர் மாறும் என்பதால், கணக்கில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

படி 3: காரில் அளத்தல்

இப்போது காரில் இருக்கும் டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தை அளந்து, அதிலிருந்து மேலே டயருக்குக் கண்ட உள்பக்க எண்ணைக் கழியுங்கள். மீதி 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் ஸ்பேசர் வேண்டியதில்லை. அதற்குக் குறைவாக இருந்தால், குறைகிற அளவே உங்களுக்குத் தேவையான ஸ்பேசரின் தடிமன்; அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் தேவையில்லை.

முன் சக்கரங்களை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, உள் மட்கார்டின் பிளாஸ்டிக் உறைக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள். நிற்கும் காரில் தெரியும் இடைவெளியை அப்படியே நம்பாதீர்கள். சஸ்பென்ஷன் அமுங்கும்போதுதான் டயர் மட்கார்டுக்குள் ஏறும். விளையாட்டுக் களிமண்ணை மட்கார்டின் உள்விளிம்பில் உருண்டைகளாக ஒட்டி, காரில் ஆட்களை ஏற்றி, வேகத்தடை மீது மெதுவாக ஓட்டிப் பாருங்கள். களிமண் நசுங்கியுள்ள அளவிலிருந்து, டயர் எவ்வளவு அருகில் வருகிறது என்பது தெரிந்துவிடும்.

படி 4: ஸ்பேசரையும் போல்ட்டையும் தேர்ந்தெடுத்தல்

ஸ்பேசரில் மூன்று வகை உண்டு. 3 முதல் 5 மி.மீ. வரையிலான வெறும் தகடு முதல் வகை. ஹப்பின் நடுவிலுள்ள மேடுதான் சக்கரத்தை மையத்தில் பிடித்துவைக்கிறது. தகடு அந்த மேட்டை விழுங்கிவிட்டால் சக்கரம் மையம் விலகி நடுங்கும். இரண்டாம் வகையில் ஸ்பேசருக்கே அத்தகைய மேடு இருக்கும். நீளமான போல்ட் அல்லது ஸ்டட் (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும், நட் போட்டு இறுக்கும் மரைக் கம்பி) உடன் இதைப் பயன்படுத்த வேண்டும். மூன்றாம் வகை ஹப்பில் தனியாக நட் போட்டு இறுக்கப்பட்டு, தன்னுடைய ஸ்டட்களில் சக்கரத்தைத் தாங்கும். இது பெரும்பாலும் 20 மி.மீ.க்கு மேற்பட்ட தடிமனில் வரும்.

எந்த வகையாக இருந்தாலும் துளைகளின் எண்ணிக்கை, பிசிடி (துளைகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம்), நடுத்துளையின் விட்டம் ஆகிய மூன்றும் காருடன் அப்படியே ஒத்திருக்க வேண்டும். ஜிடி86 காருக்கு அவை 5 துளை, 100 மி.மீ., 56.1 மி.மீ. இரண்டு ஸ்பேசர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது கூடவே கூடாது. 20 மி.மீ.க்கு மேல் தேவைப்படுகிறதென்றால் ரிம்மின் ஆஃப்செட்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பது என் கருத்து. அந்தப் பணத்தைச் சரியான ரிம்முக்குக் கொடுப்பதே மேல்.

உயிர் நிற்பது மரையில். நட் மரையில் பிடிக்கும் நீளம் குறைந்தது ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். 12 மி.மீ. ஸ்டட்டில் மரை இடைவெளி 1.25 மி.மீ. என்றால் ஏறக்குறைய 10 சுற்று, 1.5 மி.மீ. என்றால் 8 சுற்று. நட்டைக் கையால் திருகிச் சுற்றுகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் நீளமான ஸ்டட் போடாமல் வண்டியை நகர்த்தாதீர்கள். போல்ட் போடும் கார்களில் ஸ்பேசரின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு மட்டுமே புதிய போல்ட் பழையதைவிட நீளமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் நீண்டால் ஹப்பின் பின்னால் துருத்தி, ஏபிஎஸ் சென்சரையோ கைபிரேக் பாகங்களையோ இடிக்கும். தலை மூடிய நட்டில் நீளமான ஸ்டட் உள்ளே முட்டிக்கொண்டால், சக்கரம் இறுகாமலேயே ரெஞ்ச் இறுகிவிட்டதாகக் காட்டும். நட் அமரும் முகம் கூம்பா, உருண்டையா, தட்டையா என்பதும் ரிம்முடன் பொருந்த வேண்டும்.

படி 5: மாட்டுதல்

சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, எதிர்ச் சக்கரங்களுக்கு முட்டுக் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின் மீது இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள்.

ஹப்பின் முகத்திலும் மேட்டைச் சுற்றியும் உள்ள துருவைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து எடுங்கள். முதல் முறை நான் இதை அசட்டை செய்துவிட்டேன். ஸ்டியரிங் நடுக்கத்தைப் பேலன்சிங் குறை என்று நினைத்து இருமுறை பேலன்சிங் செய்த பிறகே, ஸ்பேசருக்கு அடியில் சிக்கியிருந்த ஒரு துருச் செதிளைக் கண்டுபிடித்தேன்.

ஸ்பேசரை வைத்துக் கையால் ஆட்டிப் பாருங்கள். எந்தப் பக்கமும் துளியும் ஆடக் கூடாது. மூன்றாம் வகை என்றால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி அதன் நட்டுகளை முதலில் முழு அளவுக்கு இறுக்கிவிடுங்கள். பிறகு சக்கரத்தை மாட்டி, எல்லா நட்டுகளையும் கையாலேயே தொடங்கி, ஒன்றுக்கு எதிரெதிராக நட்சத்திர வரிசையில் பாதி அளவு இறுக்குங்கள். காரை இறக்கிய பின், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். ஜிடி86 காருக்கு அது 120 நியூட்டன் மீட்டர். மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது; வழுக்கலால் அதே அளவில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

படி 6: முதல் ஓட்டமும் அதற்குப் பிறகும்

மெதுவாக ஓட்டி, முழுத் திருப்பத்தில் உரசல் ஒலி வருகிறதா என்று கேளுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் நட்டுகளை மறுபடியும் டார்க் ரெஞ்சால் சோதியுங்கள்; மூன்றாம் வகை ஸ்பேசருக்குச் சக்கரத்தைக் கழற்றித்தான் உள் நட்டுகளைச் சோதிக்க முடியும், சோம்பலில் அதை விட்டுவிடாதீர்கள். வீல் அலைன்மென்டும் செய்துகொள்ளுங்கள்.

சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால் ஸ்டியரிங் சாலையின் பள்ளங்களைப் பின்பற்றி இழுக்கும். பேரிங் மீதான சுமையும் கூடும். மழையில் அகல டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் குறுகிய டயரைவிடக் குறைவு. பல நாடுகளில் இத்தகைய மாற்றத்துக்கு முன் அனுமதியோ சோதனையோ தேவை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

போல்ட் போடும் காராக இருந்தால் பழைய குட்டைப் போல்ட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். ஸ்டெப்னியுடன் டிக்கியிலேயே வைத்திருங்கள். வழியில் பஞ்சராகி, ஸ்பேசரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டும்போது, நீளமான போல்ட்டுகள் ஹப்பின் பின்னால் முட்டும். அப்போது இவைதான் வேண்டும்.