முகூர்த்தத்துக்கு ஐந்து வாரம் முன்பே வாருங்கள்

தை பிறந்துவிட்டால் பெரம்பூரில் உள்ள என் சிறிய கிளினிக்குக்குக் கல்யாணப் பெண்களும் மாப்பிள்ளைகளும் பல்லை வெளுத்துக்கொள்ள வர ஆரம்பித்துவிடுவார்கள். "டாக்டர், இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது." அந்த அவசரம்தான் பல்லுக்கு எமன். போன வருடம் வந்த ஒரு பெண்ணுக்கு வேறெங்கோ நான்கு முன்பற்களை அரைத்துக் கேப் (பல்லை முழுதாக மூடும் உறை) மாட்டியிருந்தார்கள். நான்கிலும் சொத்தை இல்லை, வெறும் மஞ்சள். அரைத்த எனாமல், அதாவது பல்லின் கடினமான மேலுறை, மறுபடி வளராது.

முதலில் கறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காபி, வெற்றிலை, புகையிலை, மாதக்கணக்கில் கொப்பளிக்கும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்து ஆகியவற்றின் கறை பல்லின் மேலே படிவது. சுத்தம் செய்து பாலிஷ் போட்டாலே போய்விடும். தருமபுரிப் பக்கம் ஃபுளோரைடு மிகுந்த கிணற்று நீர் குடித்து வளர்ந்தவர்களின் பழுப்புத் திட்டு எனாமலுக்குள் இருப்பது. எட்டு வயதுக்குள் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிட்டவர்களுக்குச் சாம்பல் நிறப் பட்டைகள் தெரியும். ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால், சின்ன வயதில் கீழே விழுந்தீர்களா என்று கேட்பேன். பெரும்பாலும் அது நரம்பு செத்த பல். வேர் சிகிச்சை செய்துவிட்டு, பல்லின் உள்ளேயே மருந்து வைத்து வெளுக்கச் செய்யலாம்.

எலுமிச்சையைத் தேய்த்துவிட்டு என்னிடம் வராதீர்கள். புளிப்பு எனாமலைக் கரைக்கும். எனாமல் மெலிந்தால் அடியில் உள்ள மஞ்சள் அடுக்கான டென்டின்தான் இன்னும் பளிச்சென்று தெரியும்.

சொத்தையும் ஈறு வீக்கமும் இல்லை என்று உறுதியானால் இரவு டிரே. உங்கள் பல்லின் அச்சிலேயே மெல்லிய டிரே செய்து, பல்லை வெளுக்கும் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் கொடுப்பேன். படுக்கும்முன் பல் துலக்கி, பல்லுக்கு ஓர் அரிசி அளவு ஜெல் வைத்து மாட்டுங்கள். ஈறில் வழிந்ததை விரலால் துடைத்துவிடுங்கள். காலையில் கழற்றிக் கழுவுங்கள். முதல் சில நாள்களில் வெள்ளைத் திட்டுகள் இன்னும் எடுப்பாகத் தெரியும். பயந்து நிறுத்தாதீர்கள், சுற்றியுள்ள பல்லும் வெளுத்ததும் வித்தியாசம் குறையும். கூச்சம் வந்தால் ஓர் இரவு விட்டு ஓர் இரவு போடுங்கள். சாதாரண மஞ்சளுக்கு இரண்டு மூன்று வாரம். டெட்ராசைக்ளினுக்கு மாதக்கணக்கு ஆகும், அதை முதல் நாளே சொல்லிவிடுவேன். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் செய்வதில்லை.

நிறத்தை ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில், பல் ஈரமாக இருக்கும்போதே பார்க்க வேண்டும். வாயைத் திறந்துகொண்டு கொஞ்ச நேரம் இருந்தாலே பல் உலர்ந்து வெளுத்துத் தெரியும். அதைக் காட்டி ஏமாற்றுவது சுலபம்.

பழுப்புத் திட்டு மிஞ்சினால் அமிலமும் மெருகுத்தூளும் கலந்த பசையால் மேற்பரப்பை மட்டும் லேசாகத் தேய்த்தெடுக்கலாம். அதற்கும் மசியாத இடத்தில் மட்டும் காம்போசிட் என்ற பல்நிற அடைப்புப் பசை. ஆனால் வெளுத்து முடித்து இரண்டு வாரம் கழித்துத்தான் அதை வைப்பேன். அதற்குமுன் வைத்தால் சரியாக ஒட்டாது, பல்லின் நிறமும் நிலைத்திருக்காது. ஏற்கெனவே இருக்கும் கேப்பும் அடைப்பும் ஜெல்லுக்கு வெளுக்காது. பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய தகடான வெனீர் என் பட்டியலில் கடைசி.

கல்யாணம் முடிந்ததும் டிரேயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிறகு நிறம் மங்கினால் அதையே நான்கைந்து இரவு போட்டுக்கொள்ளலாம். ஆனால் டிரேயை வெந்நீரில் கழுவாதீர்கள், நெளிந்துவிடும்.