புளூபெர்ரியா, ஸ்ட்ராபெர்ரியா? முதலில் மண்ணைப் பாருங்கள்

எந்தப் பழம் பிடிக்கும் என்பதை வைத்துச் செடி வாங்காதீர்கள். மண்ணின் பிஎச் அளவைப் பாருங்கள், அதாவது மண் எவ்வளவு அமிலம் என்று காட்டும் எண்; எண் குறையக் குறைய அமிலம் கூடுதல். சோதிக்கும் கிட் விலை குறைவுதான், பாதி முடிவை அதுவே சொல்லிவிடும்.

புளூபெர்ரிக்கு 4.5 முதல் 5.5 வரை பிஎச் வேண்டும், அதாவது நல்ல அமில மண். அதற்கு மேல் போனால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது, இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் உரம் போட்டே செடியைக் கொன்றுவிடுவார்கள். கந்தகத் தூள் கலந்து பிஎச்சைக் குறைக்கலாம், ஆனால் மண்ணில் உள்ள பாக்டீரியா அதை அமிலமாக மாற்ற மாதக்கணக்கில் ஆகும் என்பதால் நடுவதற்கு வெகு முன்பே போட்டுவிட வேண்டும். சுண்ணாம்பு மண் என்றால் அந்தப் போராட்டமே வேண்டாம். 40, 50 செ.மீ. அகலத் தொட்டியில் அமிலத் தன்மையுள்ள கலவையில் வையுங்கள், முடிந்தவரை மழைநீர் ஊற்றுங்கள், ஏனென்றால் சுண்ணாம்பு கலந்த கடினத் தண்ணீர் பிஎச்சை மெல்ல ஏற்றிவிடும். சாம்பல் மட்டும் போடவே கூடாது.

குளிரும் முக்கியம். பல புளூபெர்ரி ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணிநேரம் கிடைத்தால்தான் சரியாகப் பூக்கும். குளிர் குறைந்த இடம் என்றால் 'சதர்ன் ஹைபுஷ்' வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரே செடி போதாது, வேறு வேறு ரகத்தில் இரண்டாவது இருந்தால் மகரந்தச் சேர்க்கை நன்றாக நடந்து பழம் பெரிதாகும்.

ஸ்ட்ராபெர்ரி இவ்வளவு பிடிவாதம் பிடிக்காது. பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருந்தால் போதும், சின்னத் தொட்டியிலும் வரும், நட்ட அடுத்த வருடமே நல்ல காய்ப்பு எதிர்பார்க்கலாம். நடும்போது தண்டும் வேரும் சேரும் குருத்துப் பகுதி மண் மட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், புதைந்தால் அழுகும், தூக்கி நின்றால் காய்ந்துபோகும். தக்காளி, உருளை, கத்தரி, மிளகாய் இருந்த இடத்தில் நடாதீர்கள், அவற்றைத் தாக்கும் வாடல் நோய்ப் பூஞ்சை மண்ணிலேயே தங்கியிருந்து இதையும் பிடிக்கும்.

ஆனால் மூன்று நான்கு வருடத்தில் விளைச்சல் விழுந்துவிடும். அப்புறம் ஓடுகொடியில், அதாவது செடி பக்கவாட்டில் விடும் கொடியில், வேர் பிடித்த கன்றுகளை எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டியதுதான். புளூபெர்ரி அப்படியில்லை, முதல் ஓரிரு வருடம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பூவைக் கிள்ளிவிட்டால் ஐந்தாறு வருடத்தில் முழுக் காய்ப்புக்கு வரும், பிறகு இருபது வருடத்துக்கு மேல் நிற்கும்.

அதனால் வாடகை வீடு, முதல் தோட்டம், வீட்டில் பொறுமையில்லாத குழந்தைகள் என்றால் தயங்காமல் ஸ்ட்ராபெர்ரி வாங்குங்கள். சொந்த இடமும் அமில மண்ணும் இருந்தால் புளூபெர்ரிக்குத்தான் என் ஓட்டு. எதை வைத்தாலும் தினமும் ஆறு மணி நேர வெயில் வேண்டும், பழுக்கத் தொடங்கும் முன்பே பறவைக்கு வலை கட்டிவிடுங்கள். பறித்த பிறகு இரண்டுமே இனிப்பு ஏறாது, புளூபெர்ரி முழுசாக நீலமானதும் இன்னும் சில நாள் செடியிலேயே விட்டுப் பறியுங்கள்.