உங்கள் முதல் மாதங்களின் பதிவேட்டைக் கேட்டு வாங்குவது எப்படி

தத்துப் போகும் முன் நான் இருந்த குழந்தைகள் காப்பகத்துக்கு முதல் தடவை போனபோது, "என் கோப்பைப் பார்க்க வேண்டும்" என்று கேட்டேன். 1983ஆம் ஆண்டுக் கோப்பு எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை சேர்க்கைப் பதிவேடு, மருத்துவ அட்டை, பெற்றவர் குழந்தையை விட்டுக்கொடுத்து எழுதிய ஒப்படைப்புப் பத்திரம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து காலிகோ துணி அட்டை போட்ட நீளப் பதிவேடு ஒன்று வந்தது. தத்துப் பிள்ளைகள் யார் என்னிடம் வழி கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: பதிவேட்டைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அதற்கு முன் வீட்டில் தத்துப் பத்திரத்தைத் தேடுங்கள். பதிவு செய்த பத்திரம் என்றால் சார் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்கலாம். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தையைக் காப்பாளர் தத்துக் கொடுக்க நீதிமன்ற அனுமதி வேண்டும். ஆகவே அங்கே ஒரு மனு இருந்திருக்கும். என் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் மனு எண் இருந்தது. அதை வைத்து நீதிமன்ற நகல் பிரிவில் விண்ணப்பித்தேன். நான் காப்பகத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பது அந்த மனுவில்தான் இருந்தது. பலர் இந்த இடத்தைத் தேடாமலே விட்டுவிடுகிறார்கள்.

18 வயது நிறைந்தவர்கள் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்தவர்கள் வளர்த்த பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். காப்பகம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தில்லியில் உள்ள மத்திய தத்துவள ஆணையமான 'காரா' ஆகிய எங்கும் கேட்கலாம். வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் இந்தியத் தூதரகம் வழியாகவும் கேட்கலாம். காப்பகம் மூடப்பட்டிருந்தால், அதன் பதிவேடுகள் யாரிடம் போயின என்று மாவட்ட அலகிடம் எழுத்தில் கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு தேடித் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். உங்களுக்காக மூன்றாம் நபர் தேடுவதை விதிகள் அனுமதிப்பதில்லை.

பெற்றவள் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால், அவள் சம்மதம் இல்லாமல் பெயர் கிடைக்காது. அதை மீற வழி தேடாதீர்கள். எந்த நிலையில் அதை எழுதிக் கொடுத்தாளோ. ஆனால் எடை, தடுப்பூசி, வந்த நாள், உடல்நிலை ஆகியவை உங்களைப் பற்றியவை. பெயர் கேட்கும் கடிதத்தில் இவற்றைக் கலக்காமல் தனிக் கடிதமாகக் கேளுங்கள். இது மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

நகல் மட்டும் போதும் என்று வந்துவிடாதீர்கள். மூலப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகளின் வரிகளைத் தாளால் மறைத்துக் காட்டுவார்கள், அது நியாயம்தான். எனக்குத் தந்த நகலில் "பெண், 2 கிலோ 100 கிராம்" என்பது மட்டுமே இருந்தது. மூலத்தில், நகல் இயந்திரத்தின் கண்ணாடிக்கு வெளியே போய்விட்ட ஓரத்தில், நீல மையில் இன்னொரு வரி இருந்தது: "இரவில் ஆயா மடியில்தான் தூங்குகிறது."