ஹெரால்ட் ஷிப்மேன் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

தொடர் கொலைகாரன் என்றதும் நம் மனதில் ஒரு அச்சு தயாராக இருக்கிறது. அபார மூளை, பயமுறுத்தும் பார்வை, பாழாய்ப்போன சின்ன வயது, கடைசியில் மடக்கிப் பிடிக்கும் ஒரு புலி போலீஸ். ஹெரால்ட் ஷிப்மேன் இதில் எதற்குமே பொருந்தாத ஆள். மான்செஸ்டரை ஒட்டிய ஹைட் என்ற ஊரில், தாடியும் கண்ணாடியுமாக, கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து பார்த்த குடும்ப டாக்டர். ஏறக்குறைய 3,000 நோயாளிகள், ஊரில் நல்ல பெயர். பிரிட்டனில் இவ்வளவு பேரைக் கொன்ற இன்னொருவர் பதிவில் இல்லை. ஆனால் இந்தக் கதையைச் சொல்ல வருகிற முக்கால்வாசிப் பேர் அவரை அதே பழைய அச்சில் போட்டுத்தான் எடுக்கிறார்கள்.

முதலில் எண்ணிக்கை. ஒருவர் 15 என்பார், இன்னொருவர் 215, மூன்றாமவர் 250, கேட்பவருக்குத் தலை சுற்றும். மூன்றும் சரிதான், ஆனால் மூன்றும் வேறு வேறு. 2000 ஜனவரி 31 அன்று பிரெஸ்டன் நீதிமன்றத்தில் நிரூபணமானது 15 கொலைகள். அதன் பிறகு நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் 2002-இல் தந்த முதல் அறிக்கை, 215 பேரை அவர்தான் கொன்றார் என்றும், இன்னும் 45 பேர் விஷயத்தில் பலமான சந்தேகம் இருக்கிறது என்றும் சொன்னது. மொத்தம் சுமார் 250 இருக்கலாம் என்பது பின்னால் வந்த மதிப்பீடு. ஆகவே '250 கொலைக்குத் தண்டனை பெற்றவர்' என்று எழுதினால் அது தப்பு.

அடுத்தது எனக்கு மிகவும் எரிச்சல் தருவது: 'வலியில் துடித்த முதியவர்களுக்கு விடுதலை கொடுத்தார்' என்ற கருணைக் கொலைக் கதை. இறந்தவர்களில் பலர் சாகக் கிடந்தவர்களே இல்லை. காலையில் கடைக்குப் போய் வந்தவர்கள், பேரப்பிள்ளைகளோடு போனில் பேசியவர்கள். மதியம் டாக்டர் வந்து போன பிறகு, வெளியே கிளம்பும் உடையோடு நாற்காலியில் தூங்குவது போல உட்கார்ந்து கிடந்தார்கள். கடைசியாக இறந்த கேத்லீன் கிரண்டிக்கு வயது 81, ஹைட்டின் முன்னாள் மேயர் ஒருவரின் மனைவி. முதியோர் மதிய உணவுக்கு உதவி செய்யப் போக வேண்டியவர் வரவில்லையே என்று தேடிப் போனவர்கள்தான் 1998 ஜூன் 24 அன்று அவர் உடலைக் கண்டார்கள். 'கிழவிகளை மட்டும்தான் கொன்றார்' என்பதும் சரியல்ல. அந்த 215 பேரில் 44 பேர் ஆண்கள், மிக இளையவருக்கு வயது 41.

சரி, அப்படியானால் ஏன் கொன்றார்? இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். அவருக்கு 17 வயதில் அம்மா புற்றுநோயில் இறந்தார், வீட்டுக்கு வந்த டாக்டர் மார்ஃபின் ஊசி போட்டு வலியைத் தணித்ததைப் பையன் பார்த்தான். இது நிஜம். ஆனால் அதையே கொலைகளுக்குக் காரணமாக்கி முடிச்சுப் போடுவது நம் ஊகம். ஷிப்மேன் கடைசி வரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, 2004 ஜனவரி 13 அன்று வேக்ஃபீல்ட் சிறையில் தூக்கில் தொங்கினார், மறுநாள் அவருக்கு 58 வயது ஆகியிருக்கும். பணத்துக்காக என்பதும் நிற்காது, உயில் விவகாரம் வந்தது ஒரே ஒரு சாவில்தான்.

அந்த உயிலைப் பார்த்தால் 'மேதாவி கொலைகாரன்' என்ற அடுத்த கட்டுக்கதையும் கழன்றுவிடும். கிரண்டி தன் சொத்து முழுவதையும், 3,86,000 பவுண்டுக்குக் கொஞ்சமும் குறையாமல், டாக்டருக்கே எழுதி வைத்ததாக ஒரு காகிதம் வந்தது. கிரண்டியின் மகள் வழக்கறிஞர், அம்மாவின் சட்ட விவகாரங்களைப் பார்த்து வந்தவரே அவர்தான், அவரிடமா இந்தக் காகிதம் செல்லும்? தாறுமாறாக டைப் அடித்த உயில், அதில் டாக்டரின் கைரேகை, டைப்ரைட்டர் அவருடைய கிளினிக்கில். உடலைத் தோண்டி எடுத்தபோது மார்ஃபின் இருந்தது. அந்த அம்மாவுக்குப் போதைப் பழக்கம் இருந்தது என்று காட்ட கணினியில் பழைய தேதி போட்டுக் குறிப்புகளைச் சேர்த்திருந்தார், ஆனால் ஒவ்வொரு குறிப்பும் உண்மையில் எப்போது ஏறியது என்பதை அந்த மென்பொருள் தனியாகப் பதிந்து வைத்திருந்தது அவருக்குத் தெரியவில்லை. இவரைப் போய் மேதை என்றால் எப்படி?

இவ்வளவு அசட்டையான ஆள் இருபது வருடத்துக்கும் மேலாகத் தப்பியது எப்படி என்று கேட்டால், 'யாருக்குமே சந்தேகம் வரவில்லை' என்று பதில் வரும். இதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. சந்தேகம் வந்தது. தான் ஏற்றிச் செல்லும் பாட்டிகள் வரிசையாக இறப்பதை ஊர் டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் கவனித்தார். இறுதிச் சடங்கு நடத்தும் குடும்பத்தினர், எல்லாரும் ஒரே மாதிரி உட்கார்ந்தபடி இறந்திருக்கிறார்களே என்று கவனித்தார்கள். அன்று தகனத்துக்கு இன்னொரு டாக்டரின் கையெழுத்தும் வேண்டியிருந்தது, அந்தக் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்த தெருவுக்கு எதிரே இருந்த கிளினிக்கின் டாக்டர் லிண்டா ரெனால்ட்ஸ், எங்கள் நோயாளிகள் அவருடையதைப் போல மூன்று மடங்கு, ஆனாலும் சாவு அங்கேதான் அதிகம் என்று கணக்குப் பார்த்து, 1998 மார்ச்சில் கரோனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரியிடம் நேரடியாகவே சொன்னார். போலீஸ் விசாரித்து ஏப்ரலில் ஃபைலை மூடியது. 1976-லேயே பெத்திடின் என்ற, போதை தரும் வலி மருந்துக்காகப் போலி மருந்துச்சீட்டு எழுதித் தண்டனை பெற்றவர் இவர் என்பதைக்கூட அவர்கள் எடுத்துப் பார்க்கவில்லை. மூடிய பிறகு இன்னும் மூன்று பேர் இறந்தார்கள், அதில் கடைசி ஆள்தான் கிரண்டி.

எண்களும் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. பின்னால் புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்ட்டர் காட்டிய வரைபடம் ஒன்று உண்டு. மற்ற டாக்டர்களின் நோயாளிகள் இரவு பகல் பாராமல் எல்லா நேரத்திலும் இறக்கிறார்கள், ஷிப்மேனின் நோயாளிகளோ மதியம் இரண்டு மணியை ஒட்டிக் குவிகிறார்கள், அதாவது அவர் வீடு வீடாகப் போகும் நேரம். அதைப் படிக்கப் புள்ளியியல் பட்டம் தேவையில்லை. ஆனால் இறப்புச் சான்றிதழ்களை அப்படி அடுக்கி வைத்துப் பார்ப்பது அன்று யாருடைய வேலையாகவும் இல்லை. கொன்றவரே சான்றிதழ் எழுதுவார், தகனம் செய்துவிடுங்கள் என்று குடும்பத்துக்கு யோசனையும் சொல்வார். ஆகவே கதை சொல்லும்போது ஷிப்மேனின் மூளைக்குள் எட்டிப் பார்க்கச் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது இந்தக் காகிதங்கள் போன வழிக்குக் கொடுங்கள்.

அப்புறம் மருந்து. அவர் கொல்லப் பயன்படுத்தியது மார்ஃபினிலிருந்து செய்யும் டயமார்ஃபின் ஊசி. அது வேதியியலில் ஹெராயின்தான், அந்த ஒரு சொல்லைத் தலைப்பில் போட்டு அலற விடுகிறவர்கள் உண்டு. பிரிட்டனில் அது கடும் வலிக்கு முறையாகத் தரப்படும் மருந்து. புற்றுநோயாளிகளின் பெயரில் தேவைக்கு அதிகமாக எழுதி வாங்கியும், அவர்கள் இறந்த பின் வீட்டில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டும்தான் அவர் சேர்த்து வைத்தார். மார்ஃபின் என்றாலே விஷம் என்ற தொனியில் எழுதினால், அதைப் படித்துவிட்டு அப்பாவின் கடைசி நாட்களில் 'அந்த ஊசி மட்டும் வேண்டாம் டாக்டர்' என்று மறுக்கும் ஒரு மகனையோ மகளையோ உருவாக்குகிறோம்.

கடைசியாக, 'பிடிபட்டார், நீதி கிடைத்தது' என்று முடிக்காதீர்கள். கரோனரிடம் போகாத ஒவ்வொரு சாவையும், சிகிச்சையில் சம்பந்தப்படாத வேறொரு டாக்டர் பரிசீலிக்க வேண்டும் என்ற விதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டப்படி கட்டாயமானது 2024 செப்டம்பர் 9 அன்று. தீர்ப்பு வந்து அப்போது 24 வருடம் கடந்திருந்தது.